பேட்டரி கேட்காத ரிமோட்டும் பென்சில் டிக் போட்ட புத்தகமும்

மிச்சிகன் பனியில் காரை வெளியே நிறுத்திவிட்டுப் பழைய டிவிகளைக் கேரேஜுக்குள் பத்திரமாக வைத்திருக்கும் வீடு கலமசூவில் எங்களுடையதாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் இதைப் பற்றி இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிதான் போனில் விடாமல் கேட்பான். "டிவி வாங்கறீங்க, சரி. டிவியே இல்லாம ரிமோட்ட மட்டும் வாங்கி என்னங்க்கா பண்ணுவீங்க?"

கேள்வி நியாயமானதுதான். ரிமோட் சேர்க்கிறவர்களில் பலர் ரிமோட்டை மட்டுமே சேர்க்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கி, விளக்குப் போட்டு, படம் எடுத்து மகிழ்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சொன்னதைக் கேட்க எதிரில் ஒரு டிவி இருந்தால்தான் அது ரிமோட். ஆனாலும் நல்ல ரிமோட் ஒன்று கையில் சிக்கும்போது, டிவி கிடைக்கட்டும் என்று அதை விட்டுவிட்டு வரவும் மனசு கேட்பதில்லை. ஆகவே தம்பிக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "டிவி வரும்டா, பொறு."

நான் சேர்ப்பது இரண்டு வகை. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி வருவதற்கு முந்தைய அமெரிக்க ரிமோட்டுகள், அதிலும் சிகாகோவின் ஜெனித் கம்பெனி செய்தவை. இன்னொன்று, அட்டைப்பெட்டி நிறைய உதிரிப் பாகங்களாக வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யாரோ கட்டி முடித்த கிட் டிவிகள். சின்ன வயசு ஞாபகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் வளர்ந்த வீட்டில் இருந்தது மரக்கதவு வைத்த சாலிடேர் பிளாக் அண்ட் ஒயிட். அதில் வந்ததே தூர்தர்ஷன் ஒன்றுதான். எழுந்து போய் மாற்றுவதற்கு இன்னொரு சேனல் இருந்தால்தானே ரிமோட்டைப் பற்றி யோசிக்கத் தோன்றும்?

பிழைப்புக்கு மருத்துவமனைக் கருவிகள் பழுதுபார்க்கிறேன். பழுது என்று பெயர்தான். கோளாறான போர்டைக் கழற்றிவிட்டுப் புதுப் போர்டை மாட்டுவது, சோதித்துக் கையெழுத்துப் போடுவது. போர்டுக்குள் என்ன ஆயிற்று என்று பார்க்க நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. நாலு திருகைக் கழற்றினால் முழுக் கதையும் தெரிந்துவிடும் சாமான்கள் மேல் எனக்கு ஆசை வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஜெனித்தை நடத்திய யூஜின் மெக்டொனால்டுக்கு விளம்பரம் என்றாலே ஆகாது. டிவிக்கான செலவைப் பார்க்கிறவர்தான் கட்ட வேண்டும், விளம்பரக் காசில் டிவி நிலைக்காது என்று வாதாடியவர் அவர். விளம்பரம் வந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் வாயை அடைக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று தன் எஞ்சினியர்களை அரித்தெடுத்தார். முதலில் 1950-இல் 'லேஸி போன்ஸ்' வந்தது. டிவியிலிருந்து நாற்காலிவரை தரையில் கிடக்கும் தடித்த வயர், அதன் முனையில் பித்தான்கள். சேனல் மாற்றும், டிவியைப் போடும், அணைக்கும். சத்தத்தை அடக்காது, அதாவது முதலாளி கேட்டதைச் செய்யாது. வயர் காலைத் தடுக்கிவிடுகிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். என்னிடம் இருப்பதன் வயரில் ரப்பர் உறை பாதிக்கு மேல் பொடியாக உதிர்ந்துவிட்டது. உதிராத பாதியைத் தொடவே பயமாக இருக்கிறது.

அடுத்து 1955-இல் யூஜின் பாலி செய்த 'ஃபிளாஷ்மேட்டிக்'. கைக்கு அடக்கமான பச்சைத் துப்பாக்கி வடிவில் ஒரு டார்ச்சு. டிவித் திரையைச் சுற்றி நான்கு மூலையிலும் வெளிச்சத்தை உணரும் செல்கள். எந்த மூலையில் ஒளியைப் பாய்ச்சுகிறோமோ அந்த மூலைக்குரிய வேலை நடக்கும். வயர் இல்லாத முதல் டிவி ரிமோட் அதுதான். ஆனால் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் திரைமேல் விழுந்தால் டிவி தானாகவே சேனல் மாறும். எந்த மூலை எதற்கு என்பதும் பலருக்கு நினைவில் நிற்கவில்லை. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வது இந்தத் துப்பாக்கிக்குத்தான். என்னிடம் இல்லை. வாங்கும் உத்தேசமும் இல்லை. ஒரு நல்ல டிவிக்கான காசைக் கொடுத்து வாங்கித் திறந்தால் உள்ளே பல்பும் பேட்டரியும் இருக்கும், அவ்வளவுதான். கெட்டிக்காரத்தனமெல்லாம் டிவிக்குள் போய்விட்டது.

1956-இல் வந்த 'ஸ்பேஸ் கமாண்ட்' அப்படியல்ல. இதைச் செய்தவர் ராபர்ட் ஆட்லர், வியன்னாவில் பிறந்த இயற்பியலாளர், 1941 முதல் ஜெனித்தில் வேலை. அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் சுவாரஸ்யமானது. ரேடியோ அலை என்றால் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு டிவியையும் மாற்றும். வெளிச்சத்தின் லட்சணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. காதில் விழும் சத்தம் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லை. மிஞ்சியது காதுக்கு எட்டாத ஒலி. இதற்கு நடுவில் விற்பனைப் பிரிவு ஒரு நிபந்தனை போட்டது: ரிமோட்டில் பேட்டரியே இருக்கக்கூடாது. பேட்டரி தீர்ந்தால் ஜனங்கள் டிவி கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்வார்களாம். விற்பனைப் பிரிவு சொன்னதைக் கேட்டு ஒரு பொருள் இவ்வளவு நன்றாக வந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் மேசைமேல் இப்போது ஒரு ஸ்பேஸ் கமாண்ட் 400 பிரித்துக் கிடக்கிறது. நான்கு பித்தான்கள்: போட, அணைக்க ஒன்று, சேனல் ஏற ஒன்று, இறங்க ஒன்று, சத்தத்தை அடக்க ஒன்று. மூடியை எடுத்தால் பக்கம் பக்கமாக நான்கு அலுமினியக் கம்பிகள். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம் அளவில், நடுவில் மட்டும் பிடித்திருக்கும். இரண்டு முனையும் சும்மா நிற்கும். பித்தானை அழுத்தும்போது முதலில் விரலுக்கு ஒரு முறுக்கம் தெரியும், ஸ்பிரிங் இழுபடுகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டு, குட்டிச் சுத்தியல் ஒன்று கம்பியின் முனையில் 'டக்' என்று அடிக்கும். அந்த 'டக்' நமக்காக அல்ல. டிவிக்கானது நம் காதுக்குக் கேட்காது. அடிவாங்கிய கம்பி நீளவாக்கில் விரிந்து சுருங்குகிறது, நொடிக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம் தடவை.

இதில் எனக்குப் பிடித்தது, பள்ளிக்கூடக் கணக்கே போதும் என்பது. அலுமினியத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். நடுவில் பிடித்த கம்பியின் நீளம் அரை அலைநீளம். 63.5 மில்லிமீட்டர் கம்பிக்குக் கணக்குப் போட்டால் 39 கிலோஹெர்ட்ஸ் சொச்சம் வருகிறது. வெர்னியரில் அளந்தால் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதுவே ஆயிரம் ஹெர்ட்ஸ் விலக்கிவிடுகிறது. அந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான் 'சேனலை ஏற்று' என்பதற்கும் 'டிவியை அணை' என்பதற்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் யாராவது பழைய ஸ்பேஸ் கமாண்டின் கம்பிகளை எமரி தாள் போட்டுப் பளபளப்பாக்கிப் படம் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதுமே.

ரிமோட் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க டிவி தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகள் ரோபோ வண்டிக்கு மாட்டுகிறார்களே, இரட்டைக் கண் போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 தூர உணரி, அது வேலை செய்வதும் 40 கிலோஹெர்ட்ஸில்தான். என் மகள் தூக்கிப்போட்ட ஒன்றிலிருந்து வாங்கும் பக்கத்துக் கண்ணை மட்டும் பிடுங்கி ஆசிலாஸ்கோப்பில் மாட்டியிருக்கிறேன். பித்தானை அழுத்தியதும் திரையில் அலை சட்டென்று எழும்பி, மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். தேய்வு சட்டென்று முடிந்தால் கம்பியைப் பிடித்திருக்கும் இடத்தில் அழுக்கோ பிசினோ இருக்கிறது என்று பொருள். அறுபது எழுபது வருடத்துக்குப் பிறகும் முக்கால்வாசி ரிமோட்டுகள் அப்படியே வேலை செய்கின்றன. கெட்டுப்போக உள்ளே எதுவும் இல்லை.

கெட்டுப்போவதெல்லாம் டிவிக்குள்தான். அந்த ஒலியைக் கேட்க ஒரு மைக், பெருக்கிப் பிரிக்க ஆறு கண்ணாடிக் குழாய் வால்வு, ரிலே, சேனல் பிடிக்கும் டியூனரைச் சுற்ற ஒரு மோட்டார். இவ்வளவும் சேர்ந்து டிவி விலையை ஏறக்குறைய 30 சதவீதம் ஏற்றிவிட்டன. அப்படியும் வாங்கினார்கள். அடுத்த கால் நூற்றாண்டுக்கு, இன்ஃப்ராரெட் வரும்வரை, மற்ற கம்பெனிகளும் ஒலியில்தான் ரிமோட் செய்தன. கம்பிக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்தார்கள். பேட்டரியும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பிற்கால ரிமோட்டுகளில் எனக்கு அவ்வளவாக ஆர்வமில்லை.

சாவிக்கொத்தைக் குலுக்கினால் சேனல் மாறும் என்று அந்தக் காலத்தில் புகார்கள் வந்தது உண்மை. நானே பார்த்துவிட்டேன். சாவிக்கொத்துக்கு நிச்சயம் மாறுகிறது. கண்ணாடி வளையல்களுக்கு டிவி மசியவில்லை. மகளின் வெள்ளிக் கொலுசுக்கு நாலு தடவைக்கு ஒரு தடவை சேனல் இறங்கியது, ஏறியதே இல்லை. ஏன் இறங்கும் பக்கம் மட்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்லருக்கும் பாலிக்கும் 1997-இல் சேர்த்து டிவித் துறைக்கான எம்மி விருது கொடுத்தார்கள். ரிமோட்டின் தந்தை யார் என்று கேட்கும் இடமெல்லாம் ஆட்லர் பெயரே முன்னால் வந்ததில் பாலிக்கு மனத்தாங்கல் இருந்தது. ஆட்லர் 2007-இலும் பாலி 2012-இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வயரை முதலில் அறுத்தவர் பாலி, அதை வீட்டில் வைத்துக் குப்பை கொட்டக்கூடியதாக்கியவர் ஆட்லர் என்பது என் கட்சி.

டிவி ஓடினால் மட்டும் போதாது, ரிமோட் மாற்றுவதற்குச் சேனல் வேண்டுமே. அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு இந்த டிவிகளில் எந்த எண்ணுக்குப் போனாலும் இரைச்சலும் புள்ளி மழையும்தான். அதனால் கேரேஜுக்குள் எனக்கென்று ஒரு குட்டி நிலையமே வைத்திருக்கிறேன். கேபிள்காரர்கள் கழித்துப்போட்ட மாடுலேட்டர்கள் மூன்று, அவை 3, 6, 9 என்று மூன்று சேனலில் படம் கொடுக்கும். ஒன்பதில் பெரும்பாலும் கிரிக்கெட். வாயே திறக்காத என் வீட்டுக்காரர் அதற்கு மட்டும் கேரேஜுக்கு வருவார். ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரும், அவர் 'டக்' என்று அழுத்தி அதன் சத்தத்தை அடக்குவார். மெக்டொனால்டின் ஆத்மா சாந்தியடையும்.

இனி கிட் டிவிகள். பென்டன் ஹார்பர் எங்கள் வீட்டிலிருந்து ஐ-94 சாலையில் மேற்கே ஒரு மணி நேரத்துக்குள், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. ஹீத்கிட் பிறந்த ஊர். பெயர் கொடுத்த எட்வர்ட் ஹீத் டிவிக்காரர் அல்ல, சிகாகோவில் விமானம் கட்டியவர். வீட்டில் கட்டிக்கொள்ளும் விமானக் கிட்டும் விற்றார். 1931-இல் பறந்து பார்க்கும்போது விழுந்து இறந்தார். கம்பெனியை 1935-இல் ஹோவர்ட் ஆந்தனி வாங்கி பென்டன் ஹார்பருக்குக் கொண்டுவந்தார். போர் முடிந்ததும் ராணுவம் கழித்த மின்னணுச் சாமான்களை மொத்தமாக வாங்கி, 1947-இல் ஆசிலாஸ்கோப் கிட் ஒன்றை 39 டாலர் 50 சென்டுக்கு விற்றார். அது பிய்த்துக்கொண்டு போனது. அங்கிருந்து ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், மீட்டர், கடைசியில் கலர் டிவி. ஆந்தனியும் 1954-இல் விமான விபத்தில்தான் இறந்தார். விமானத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஏதோ பகை.

ஹீத்கிட் மட்டும்தான் என்றில்லை. நாற்பதுகளின் கடைசியிலேயே நியூயார்க் பக்கம் டிரான்ஸ்விஷன் என்ற கம்பெனி டிவிக் கிட் விற்றது. இங்கிலாந்தில் ராடாரில் இருந்து கழித்த விசிஆர்97 என்ற ஆறங்குலக் குழாயை வைத்து வீட்டில் டிவி கட்டி, பச்சைப் பச்சையாகப் படம் பார்த்தார்கள். அதையெல்லாம் சேர்ப்பது வேறு கோஷ்டி. அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஒஹாயோவில் ஹில்லியர்ட் என்ற ஊரில் இருக்கும் ஆரம்பகால டிவி அருங்காட்சியகத்தின் வருடாந்தரக் கூட்டத்துக்குப் போக வேண்டும். வண்டி வண்டியாகச் சாமான் கைமாறும். நானும் போவேன், வால்வு வாங்க.

ஹீத்கிட்டில் என்ன விசேஷம் என்றால், அதன் புத்தகம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரி. 'இந்த ரெசிஸ்டரை இந்தத் துளைக்கும் அந்தத் துளைக்கும் நடுவில் மாட்டு' என்று இருக்கும். வரிக்கு முன்னால் ஒரு வெற்று அடைப்புக்குறி. வேலை முடிந்ததும் அதில் டிக் போட்டுக்கொள்ள வேண்டும். வரியின் முடிவில் 'என்எஸ்' என்றிருந்தால் அந்த முனைக்கு இன்னும் கம்பி வரவேண்டியிருக்கிறது, ஈயம் வைக்காதே என்று பொருள். 'எஸ்-2' என்றிருந்தால் இரண்டு கம்பி வந்தாயிற்று, இப்போது வை. கிட்டை விற்பனைக்கு விடுவதற்கு முன் ஊழியர்களிடமே கொடுத்துக் கட்டச்சொல்லி, எங்கே குழம்புகிறார்களோ அந்த வரியைத் திருத்துவார்கள். எண்பதுகளில் சென்னை ரிச்சி தெருவில் போர்டு, டியூனர், பிக்சர் டியூப், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செட் போட்டவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கெல்லாம் சர்க்யூட் படம் ஒன்று மங்கலான நகலாகக் கிடைத்தாலே பாக்கியம்.

அறுபதுகளின் நடுவில் வந்த ஹீத்கிட் கலர் டிவி ஜிஆர்-295 என்னிடம் ஒன்று இருக்கிறது. 295 என்பது திரையின் பரப்பு, சதுர அங்குலத்தில். பேட்டில் கிரீக் பக்கம் ஒரு எஸ்டேட் சேலில், அதாவது இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் இடத்தில், வாங்கினேன். இந்த மாதிரி விற்பனைகளில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. வீட்டைக் காலி செய்ய வருகிறவர்கள் முதல் வேலையாகக் காகிதத்தையெல்லாம் குப்பைப் பெட்டியில் கொட்டிவிடுவார்கள். டிவியைச் சுத்தமாகத் துடைத்து விலைச்சீட்டு ஒட்டுவார்கள், புத்தகம் போயிருக்கும். நான் இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்பது புத்தகத்தைத்தான். புத்தகம் இல்லாத கிட் டிவியை நான் வாங்குவதில்லை. அதைக் கட்டிய ஆள் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறார்.

இந்த ஜிஆர்-295 நல்ல உதாரணம். பென்சிலில், ஒழுங்காக, வரிக்கு வரி டிக். நடுவில் ஒரு போர்டுக்குரிய பக்கங்களில் மட்டும் டிக்குக்குப் பதில் சின்னக் குறுக்குக் கோடு. கை மாறிவிட்டது. மகனா, மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா, தெரிய வழியில்லை. உடனே அந்தப் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். ஈயமும் மாறியிருந்தது! டிக் போட்டவர் ஈயத்தை உருட்டி உருட்டி விட்டிருக்கிறார். ஒவ்வொரு முனையிலும் மிளகு மிளகாக நிற்கிறது, பல இடங்களில் நிறமும் மங்கல். கோடு போட்டவரின் போர்டில் ஈயம் கம்பியைத் தழுவி, சரிவாக இறங்கி, இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அவருக்குப் பொறுமை அந்த ஒரு போர்டோடு தீர்ந்திருக்கிறது. அடுத்த போர்டிலிருந்து பழையபடி டிக், பழையபடி மிளகு.

இதை என்ன செய்வது என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் பெரிய சண்டையே உண்டு. எல்லா முனையிலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் பண்ண வேண்டும், கண்டென்சர்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்ற வேண்டும், அப்போதுதான் நம்பிப் போடலாம் என்பது ஒரு கட்சி. அவர்கள் சொல்வதில் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உலர்ந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் பழமையைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. ஆனால் ஈயத்தில் கை வைக்க மாட்டேன். தொழிற்சாலையில் செய்த டிவியாக இருந்தால் சரி, ஒரே மாதிரி லட்சம் டிவி. இது அந்த ஆள் வைத்த ஈயம். மீட்டர் வைத்துப் பார்த்து, உண்மையிலேயே சரியாக ஒட்டாத டிரை சால்டராக இருந்த முனைகளை மட்டும் சரிசெய்தேன். சரிசெய்த ஒவ்வொன்றையும் புத்தகத்தில் அந்தந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் குறித்தேன். மீதி மிளகெல்லாம் அப்படியே இருக்கிறது. டிவி ஓடுகிறது.

ஓடுவதற்கு முன்னால் அதன் திரைக்கு ஒரு வைத்தியம் நடந்தது. அந்தக் கால பிக்சர் டியூப்களில் முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் பசை போன்ற படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஓரங்களில் இருந்து அந்தப் படலம் அழுகி, வட்ட வட்டமாக வெளுத்துவிடும். சேகரிப்பாளர்கள் கண்புரை என்றே சொல்கிறோம். சுடுநீரால் கண்ணாடியை மெதுவாகச் சூடேற்றி, படலம் இளகியதும் மீன்பிடி நரம்பை நடுவில் விட்டு இரண்டு பேர் இருபுறமும் பிடித்து அறுத்துக்கொண்டே வரவேண்டும். சூடு ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயே விரிசல் விட்டுவிடும். காற்றில்லாத குழாய் உடைந்தால் கண்ணாடி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் கிட்டேயே போகக்கூடாது.

பயமுறுத்துவது போலத்தான் இருக்கும், ஆனால் சொல்லிவிடுகிறேன். கலர் டிவியின் பிக்சர் டியூபுக்குப் போகும் உயர் மின்னழுத்தம் இருபத்தைந்தாயிரம் வோல்ட் அளவில். பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் குழாய் அந்த மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மின்சாரம் குழாய்க்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் மூடிக்குக் கீழே, எர்த் பண்ணாமல் விரல் விடாதீர்கள். சில டிவிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸே நேராக மெயின் லைனில் இருக்கும். டிவியை மெயின் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வாங்கக் காசில்லை என்றால், இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட்டு ரிமோட் மட்டும் சேர்க்கலாம். நான் கேலி செய்ய மாட்டேன்.

கலர் டிவி கட்டியவர்களுக்குக் கடைசிப் பரீட்சை கான்வர்ஜன்ஸ். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கற்றையும் திரையின் எல்லா இடத்திலும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். கடையில் வாங்கிய டிவிக்கு மெக்கானிக் தனிக் கருவியோடு வீட்டுக்கு வந்து செய்யும் வேலை அது. ஹீத் அந்தக் கருவியை, புள்ளி போடும் ஜெனரேட்டரை, டிவிக்குள்ளேயே வைத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் திரை முழுக்கப் புள்ளி. ஒவ்வொரு திருகியாகத் திருப்பி, மூன்று நிறப் புள்ளியும் சேர்ந்து வெள்ளைப் புள்ளி ஆகும்வரை இழுக்க வேண்டும். ஒரு மூலை சேர்ந்தால் எதிர் மூலை பிரியும். இரவுச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் எனக்கு நள்ளிரவு ஆகிவிடும். நாலு மூலையும் கச்சிதமாகச் சேர்ந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னுடைய இரண்டு வகைச் சாமானும் ஒரே குடும்பமான கதையும் உண்டு. 1979-இல் ஜெனித் ஹீத்தை 64.5 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. டிவிக் கிட்டுக்காக அல்ல, ஹீத் அப்போது விற்ற கம்ப்யூட்டர்களுக்காக. வாங்கியதும் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஜெனித் டேட்டா சிஸ்டம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பத்து வருடத்தில் அதையும் பிரான்சின் 'குரூப் புல்' கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1992-இல் கிட் வியாபாரமே நின்றது. உதிரி மலிவாகி, போர்டுகளை இயந்திரமே அடைக்கத் தொடங்கியபின், கட்டிக்கொள்வதில் காசு மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது.

அதற்கு முன்னால் ஹீத் ஒரு கடைசி ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனது. 1974-இன் ஜிஆர்-2000 கலர் டிவி. சேனல் எண் திரையிலேயே எழுத்தாக வரும். கூடுதல் காசு கொடுத்தால் கடிகாரமும் திரையில் வரும். சேனலைச் சுற்றும் கடக்முடக் குமிழ் கிடையாது. வேண்டிய சேனல்களை வேண்டிய வரிசையில் நாமே அடுக்கிக்கொள்ளலாம். கடையில் விற்ற டிவிகள் பலவற்றில் இன்னும் குமிழைத் திருகிக்கொண்டிருந்த காலத்தில், சாப்பாட்டு மேசையில் இதைக் கட்டினார்கள். இதற்கு ரிமோட்டும் உண்டு, தனிக் கிட்டாக.

அந்த ரிமோட் கிட்தான் போன மாதம் கிடைத்தது, பெட்டி பிரிக்காமல். இப்போது எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. பிரித்தால் விலை பாதியாகிவிடும் என்கிறார் ஹில்லியர்டில் பழக்கமான ஒருவர். வீட்டுக்காரர் விலையைக் கேட்டதும் வாய் திறந்துவிட்டார், "அப்படியே வித்துரலாமே" என்றார். தம்பிக்கு மட்டும் நிம்மதி. "இந்த ரிமோட்டுக்காச்சும் டிவி இருக்குதுங்களாக்கா?" என்றான். இருக்கிறது. ஜிஆர்-2000 இரண்டு வருடமாக மூலையில் காத்துக்கொண்டிருக்கிறது.

பெட்டியைச் சனிக்கிழமை பிரித்துவிட்டேன். புத்தகத்தின் முதல் வேலை, பாகங்களைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து டிக் போடுவது. பென்சிலில்தான் போட்டேன். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று குறைகிறது. அந்தக் காலமாக இருந்தால் பென்டன் ஹார்பருக்கு எழுதிப்போட்டால் தபாலில் வந்துவிடும். நான் என் டப்பாவிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அந்த வரியில் பச்சை மையில் குறித்துவிட்டேன்.